கித்தேரியம்மாளும் கீச்சிடும் லைனும்

ஒரு பொருள் வேலை செய்தால் கித்தேரியம்மாளுக்குப் போதாது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு ரேடியோவின் பின் அட்டையைக் கழற்றி, உள்ளே எரியும் குழாய்களை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். திரும்ப மூடியபோது ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. அன்றிலிருந்து அந்த ரேடியோவில் இலங்கையைத் தவிர வேறு எதுவும் எடுக்காது. “எங்கம்மா செத்துப்போற வரைக்கும் உள்ளூர்ச் செய்தி கேக்கல. கொழும்புல மழைன்னா இங்க குடையை எடுப்பாங்க” என்று அவள் கணவர் ஜெபதுரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜெபதுரைக்குக் கொடைக்கானல் – வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. கித்தேரியம்மாளுக்குப் பெருமாள்மலைக்குக் கீழே, ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய மலைப்பயிர் ஆய்வு நிலையத்தில் டைப்பிஸ்ட் வேலை. எழுபத்தொன்றில், கன்னியர் மடத்தில் கற்ற டைப்போடு சேர்ந்தவள். காப்பி, ஏலம், பேரிக்காய் என்று மலைத் தோட்டங்களில் எவ்வளவு மழை, எவ்வளவு குளிர், எந்தச் செடிக்கு என்ன நோய் என்பதையெல்லாம் எழுதி வைப்பது அங்கே பதிவுப் பிரிவின் சோலி. பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை, இரண்டு பீரோ, கித்தேரியம்மாள்.

தினமும் காலையில் எக்ஸ்சேஞ்சில் சொல்லி, மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு ட்ரங்க் கால் போட்டு எண்களை வாசிப்பாள். வாசிப்பது என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்துவாள். வாட்ச்மேன் சின்னக்கருப்பன் வெள்ளகவிக்காரர். மலைப்பாதையில் ஏறி இறங்கியே வளர்ந்த மனிதர்; ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் குரல் கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. அவரே காதைப் பொத்திக்கொள்வார்.

“எக்கா, போனு எதுக்கு? சன்னலைத் தொறந்து வச்சுக் கத்துங்க, மதுரைக்கே கேட்ரும்.”

இவ்வளவு கத்தியும் இங்கே பன்னிரண்டு டிகிரி என்றால் அங்கே இருபத்திரண்டு என்று எழுதிக்கொள்வார்கள். ஒரு வருஷ அறிக்கையில் பண்ணைக்காட்டுப் பக்கம் மார்கழியில் வெயில் கொளுத்தியதாக அச்சாகி வந்தது. நிலையத்தின் தலைவர் அலெக்சாண்டர் சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கழுத்தில் இருந்த மப்ளரைக் கழற்றி மேஜையில் வைத்தார். சிரிக்காமலே கிண்டல் செய்கிற மனிதர்.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். மதுரையில் ஒன்று, மலையில் ஒன்று. கூடவே மோடம் என்று ஒரு பெட்டி. அதன் தலையில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள். போன் ரிசீவரை எடுத்து அந்தக் கிண்ணங்களில் கவிழ்த்து அழுத்தினால், கம்ப்யூட்டர் தன் எழுத்துகளைக் கீச்சுச் சத்தமாக்கி ரிசீவரின் வாயில் ஊதும். அங்கே அதே மாதிரி இன்னொரு பெட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு மறுபடி எழுத்தாக்கிக்கொள்ளும். ட்ரங்க் கால் போட்டு லைன் கிடைத்ததும் இரண்டு பக்கமும் “வைக்கிறேன்” என்று சொல்லி ரிசீவரைக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கித்தேரியம்மாளுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. காதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். குருவிக் கூட்டில் சண்டை மாதிரி இருந்தது. ‘இதுல எது மழை, எது குளிரு?’ என்று யோசித்துக்கொண்டே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டாள்.

ஆனால் எண்கள் போய்ச் சேரவில்லை. கம்ப்யூட்டரோடு விலை கொடுத்து வாங்கிய புரோகிராம் ஒன்று இருந்தது. நீலத் திரை, கட்டம் போட்ட ஓரம், பார்க்க லட்சணமாக இருக்கும். அது அனுப்பத் தொடங்கும். பாதியில் நிற்கும். ‘தொடர்பு அறுந்தது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடும். ஏன் அறுந்தது, எங்கே அறுந்தது என்று கேட்டால் அதற்கு வாயில்லை. மறுபடி ட்ரங்க் கால் புக் செய்து, காத்திருந்து, மறுபடி அறுந்து, மாலை வந்துவிடும்.

புரட்டாசி பிறந்ததும் அறக்கட்டளைச் செயலாளரிடமிருந்து தகவல் வந்தது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் எண்கள் கம்ப்யூட்டர் வழியாக ஒழுங்காக வந்து சேர வேண்டும். வராவிட்டால் பதிவுப் பிரிவு மதுரைக்கு மாற்றப்படும்.

அலெக்சாண்டர் சார் அதைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். “பிரிவுன்னா நீங்கதான், கித்தேரியம்மா.”

“தெரியும் சார்.”

வீட்டில் பேச்சு சுருக்கமாகத்தான் நடந்தது. ஜெபதுரையின் டிப்போவை மாற்ற முடியாது. மகள் இசபெல்லா பத்தாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. கித்தேரியம்மாள் மட்டும் மதுரையில் அறை எடுத்துத் தங்கி வாரக் கடைசியில் மலையேறலாம். அல்லது பதினைந்து வருஷ வேலையை விட்டுவிடலாம். மூன்றாவதாக ஒன்று யாருக்கும் தோன்றவில்லை.

“விட்டுருவியா?” என்று கேட்டார் ஜெபதுரை, சோற்றைப் பிசைந்தபடி.

“அந்த லைனு எங்க அறுகுதுன்னு தெரியாம விட்டேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும்.”

“வேலை போறது பெருசில்ல, மண்டைதான் பெருசு!”

“ரெண்டும் பெருசுதாங்க.”

அடுத்த வாரம் மதுரை அலுவலகத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இராமலிங்கம் மலைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு புரண்டு, முகம் வெளிறி வந்து இறங்கினார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். கைப்பையில் ஒரு பிளாப்பி.

“மேடம், அந்த நீல புரோகிராமை மறந்துருங்க. இது காலேஜ்ல ஒரு பிரெண்டு குடுத்தது. ஓசி.”

போட்டதும் கறுப்புத் திரை. கட்டம் இல்லை, கலர் இல்லை. மேலே நாலு வரி மட்டும்: இது இலவசம், யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு, கட்டளைக்குக் காத்திருந்தது. புரோகிராமின் பெயர், கம்ப்யூட்டரின் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், என்ன வேகம், இவ்வளவையும் ஒரே வரியில் டைப் செய்து தட்டினால் வாசல் திறக்கும். பிறகு நாம் அடிக்கும் எழுத்து ஒவ்வொன்றும் அப்படியே லைனில் போகும். லைனில் எது வந்தாலும், நல்லதோ கெட்டதோ, அப்படியே திரையில் கொட்டும்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“அவ்வளவுதான். இது எதையும் மறைக்காது. நீலப் புரோகிராம் குப்பை வந்தா உள்ளேயே முழுங்கிட்டு, கடைசில அறுந்துருச்சுன்னு மட்டும் சொல்லும். இது குப்பையையும் காட்டும்.”

“இதை எழுதுனவங்களுக்கு என்ன லாபம்?”

இராமலிங்கம் தோளைக் குலுக்கினார். கதவோரம் நின்ற சின்னக்கருப்பன்தான் பதில் சொன்னார்: “பழனிக்குப் பாதயாத்திரை போறப்ப ரோட்டோரம் மோரு ஊத்துறான். என்ன லாபம்னா கேக்குறோம்? குடிச்சுப்புட்டு நடக்குறோம்.”

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கித்தேரியம்மாள் வாலையும் தூக்கிப் பார்ப்பவள். அந்தப் புரோகிராமின் கட்டளைக்குப் பின்னால் என்னென்ன எழுத்தைச் சேர்த்தால் என்னென்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்றைப் போட்டால் வருவதை எல்லாம் பிளாப்பியில் சேமித்தது. இன்னொன்றைப் போட்டால் ஒரே எழுத்தை நிறுத்தச் சொல்லும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தது. மற்றொன்றைப் போட்டதில் திரை உறைந்துபோய், மெயின் சுவிட்சை அணைக்க வேண்டியதாயிற்று.

இராமலிங்கம் மதுரைக்குப் போன பிறகு முதல் சோதனை. லைன் கிடைத்து, இரண்டு பக்கமும் ரிசீவரை வைத்ததும், இவள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாள்: சாப்பிட்டாச்சா?

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கறுப்புத் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தது: இட்லி.

“சேசு மரி சூசை!” என்று கத்திவிட்டாள். அலெக்சாண்டர் சார் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். மதுரையில் ஒருவர் இட்லி சாப்பிட்ட செய்தி இருவரையும் அப்படி மகிழ்வித்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சற்று நேரத்தில் திரையில் அலைக்கோடும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாக ஒரு சிதறல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் லைன் செத்தது.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. சின்னக்கருப்பனுக்குக் குரங்குகள்மேல் சந்தேகம். “வளைவுல கம்பியப் புடிச்சு ஊஞ்சலாடுதுக. நான் பாத்திருக்கேன்” என்று கம்பை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் துண்டு நிறையப் பேரிக்காயோடு திரும்பினார். குரங்கு அகப்படவில்லை. அலெக்சாண்டர் சாருக்கு, பூமிக்கு அடியில் போகும் கேபிளில் ஈரம் புகுந்திருக்கும் என்று தோன்றியது. கித்தேரியம்மாளோ பனி என்று அடித்துச் சொன்னாள். மூடுபனி வந்த நாளில் சீக்கிரம் அறுந்தது, வெயில் நாளில் கொஞ்சம் தாங்கியது. வேறென்ன சாட்சி வேண்டும்? ரப்பர் கிண்ணங்களைச் சுற்றிக் கம்பளி மப்ளரைக் கட்டினாள். பக்கத்தில் கரி அடுப்பு மூட்டினாள். அறை புகைந்து, அலெக்சாண்டர் சார் இருமி இருமிக் கண் சிவந்தார்.

“கித்தேரியம்மா, டேட்டா போகுதோ இல்லையோ, நான் போயிருவேன் போலருக்கு.”

அப்படியும் லைன் அறுந்தது; பனியும் இல்லை என்றாயிற்று. நிலையத்தின் புகாரின் பேரில் இரண்டு முறை லைன்மேன் வந்து, கம்பங்களைத் தட்டிப் பார்த்து, லைன் தங்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசி முடியப் போனது. மதுரையில் வாடகை அறை விசாரிக்கும்படி ஜெபதுரை தன் தம்பியிடம் சொல்லி வைத்தார். அது கித்தேரியம்மாளுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள்.

இராமலிங்கம் போனில் ஒரு யோசனை சொன்னார். “நாம பேசிக்க வேண்டாம்க்கா. நான் இங்கேருந்து ‘ஏ’ங்கற ஒரே எழுத்தை அனுப்பிக்கிட்டே இருக்கேன். நீங்க சும்மா பாத்துக்கிட்டு இருங்க. ஏ இல்லாதது எது வந்தாலும் அது நாம அனுப்பாதது.” மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.

அப்படியே செய்தார்கள். திரை முழுக்க ஏ ஏ ஏ என்று வரி வரியாக நிறைந்தது. நடவு முடிந்த வயல் மாதிரி ஒரே சீர். திடீரென்று நடுவில் குப்பை, ஒரு சின்னக் கைப்பிடி. மறுபடி ஏக்கள். பிறகு குப்பை, முன்னதைவிடக் கொஞ்சம் நீளம். கொஞ்சம் ஏக்கள். பிறகு இன்னும் நீளமாக, அடர்த்தியாக ஒன்று. உடனே லைன் செத்தது.

மறுநாளும் அதே வரிசை. அதற்கு மறுநாளும். எப்போது வரும் என்பதுதான் மாறியது. வந்தால் வரும் விதம் மாறவில்லை. சின்னது, கொஞ்சம் பெரியது, பெரியது, சாவு. மழையோ குரங்கோ இப்படி முறை வைத்துச் செய்யுமா? இந்தக் கேள்வியோடு அவள் சமையலில் இரண்டு முறை உப்புப் போட்டாள். இசபெல்லா இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜெபதுரையின் பஸ்ஸிலேயே வேலைக்குப் போனாள். பெருமாள்மலையில் வண்டி நின்றது. பனியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“எறங்கணுமா யாராச்சும்?” என்றார் ஜெபதுரை.

பதில் இல்லை.

“பெருமாள்மலை, எறங்கணுமா?” இப்போது சத்தமாக.

பதில் இல்லை.

“ஏலே, யாரும் எறங்கலையா? தூங்குறீங்களா எல்லாரும்?” என்று கூரை அதிரக் கத்திவிட்டு, விசிலை ஊதினார். வண்டி கிளம்பியது.

கித்தேரியம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டாள். சின்னது, கொஞ்சம் பெரியது, பெரியது, விசில்.

“ஏங்க, கேக்குறாங்க! யாரோ கேக்குறாங்க!”

“யாரு கேக்குறா? நான்தான் கேட்டேன். நீ எறங்க வேண்டிய இடத்தை விட்டுட்ட, அதைப் பாரு.”

ட்ரங்க் கால் பேசிய எவருக்கும் தெரிந்த சங்கதிதான். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம், கை ஒழிவதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின்னாக, எக்ஸ்சேஞ்ச் ஆப்பரேட்டர் நடுவில் புகுந்து, “பேசுறீங்களா?” என்று கேட்பார். “பேசுறோம், பேசுறோம்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று லைனைப் பிடுங்கிவிடுவார். பதினைந்து வருஷமாகக் கித்தேரியம்மாள் தினமும் அதைச் சொல்லி வந்திருக்கிறாள். மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போனதால்தான் அது ஞாபகத்துக்கே வரவில்லை. இப்போது ரிசீவர் கிண்ணத்துக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. கேட்டால் யார் பதில் சொல்வது?

அன்று லைன் கிடைத்ததும் ஏக்கள் வரத் தொடங்கின. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். முதல் சிதறல் விழுந்த மறு கணம் ரிசீவரைக் கிண்ணத்திலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தாள். கீச்சுச் சத்தத்துக்கு நடுவில், தெளிவாக ஒரு பெண் குரல்.

“ஹலோ மலை, பேசுறீங்களா?”

“பேசுறோம்! பேசுறோம்மா! நீங்க யாரு?”

“ஆத்தாடி! ஆளு இருக்கீங்களா? நான் கீழ எக்ஸ்சேஞ்சு. வீரம்மாள். ஒரு மாசமா உங்க லைன்ல ஊளைச் சத்தம்தான கேக்குது.”

“அது மிஷினும்மா. மிஷினும் மிஷினும் பேசிக்குது.”

“மிஷினு பேசுதா? என்னத்தப் பேசுது?”

“மழை, குளிரு...”

“நல்லாருக்கு போங்க! நான் மூணு தடவ கேப்பேன். பதிலு இருக்காது. பேசி முடிச்சுட்டு போனை வைக்க மறந்துட்டாங்க போல, பாவம் காசு ஏறுதேன்னு வெரசா புடுங்கி விட்ருவேன். ஊளை கேக்குதுன்னு ரெண்டு தடவ லைன்மேனையும் நான்தான் மலைக்கு வெரட்டுனேன். அந்தாளு எம்மேல காஞ்சு போய்க் கெடக்காரு.”

கித்தேரியம்மாளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். சிரிப்புத்தான் வந்தது. “நாங்க புகார் பண்ணதாலதான் வந்தாருன்னுல்ல நினைச்சோம்!”

“அப்ப ரெண்டு பேரும்தான் வெரட்டிருக்கோம்.”

“வீரம்மா, எங்க காலுக்கு மட்டும் கேக்காம விட்ற முடியுமா?”

அந்தப் பக்கம் குரல் சுருங்கியது. “அது முடியாதுக்கா. கேட்டே ஆகணும். பின்னாடி சூப்பர்வைசர் உக்காந்திருக்காரு.”

வழி பிறக்க இரண்டு நாள் ஆயிற்று. கேட்காமல் விட முடியாது; மிஷின் பதில் சொல்லாது. ஆகவே எண்களைத் துண்டு துண்டாக வெட்டுவது என்று முடிவாயிற்று. ஒரு துண்டு போகும். நிறுத்திவிட்டு ரிசீவரை எடுத்துக் காத்திருப்பாள். வீரம்மாள் வந்து “பேசுறீங்களா?” என்பாள். “பேசுறோம்” என்று சொல்லிவிட்டு மறுபடி கிண்ணத்தில் வைத்து அடுத்த துண்டு. இலவசப் புரோகிராமுக்கு நிறுத்தினால் கோபமில்லை. விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துக்கொண்டது. துண்டுகளை எப்படிப் பிரிப்பது என்பதை இராமலிங்கம் ஒழுங்கு செய்தார். அலெக்சாண்டர் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, சமையலறையில் முட்டை வேகவைப்பவர் மாதிரி காவல் இருந்தார்.

ஐப்பசி முதல் வாரத்தில் கடைசிச் சோதனை. செயலாளரே மதுரையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு மாத எண்கள் முழுவதும் போக வேண்டும். வெளியே மேகம் ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நின்றது. சின்னக்கருப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று குரங்கு விரட்டக் கம்போடு வளைவுக்குப் போயிருந்தார்.

துண்டு, “பேசுறீங்களா?”, “பேசுறோம்.” துண்டு, “பேசுறீங்களா?”, “பேசுறோம்.” கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்தது. திரையில் இராமலிங்கத்தின் எழுத்துகள் ஊர்ந்து வந்தன: எல்லாம் வந்துவிட்டது, அக்கா. ஒரு எண்கூடத் தப்பில்லை. செயலாளர் பார்க்கிறார். இருங்கள், ஏதோ சொல்கிறார்.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கோடு மினுக்கியது. கித்தேரியம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அலெக்சாண்டர் சார் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அதனால்தான் நேரம் தப்பிவிட்டது. திரையில் ஒரு சின்னச் சிதறல்.

பாய்ந்து ரிசீவரை எடுத்தாள். “பேசுறோம்! பேசுறோம்!”

“என்னக்கா, கொரலு இப்படி நடுங்குது?” என்றாள் வீரம்மாள்.

“முடிவு சொல்லப் போறாங்க வீரம்மா. நான் இங்க இருக்கறதா, மதுரைக்குப் போறதான்னு.”

“ஐயையோ, அப்ப வைங்க, வைங்க! நான் இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்.”

வைத்தாள். வைக்கும்போது ரிசீவர் சரியாக உட்காரவில்லை. அலெக்சாண்டர் சார் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். எழுத்துகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் வாய்க்குள் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

இந்த எண்கள் எழுதப்பட்ட இடத்திலிருந்தே வரட்டும் என்கிறார். பிரிவு அங்கேயே இருக்கும். தினமும் இதே மாதிரி அனுப்பச் சொன்னார். எனக்கு ரொம்பச் சந்தோ

அந்தச் சொல் முடியவில்லை. அலைக்கோடும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாக ஒரு கைப்பிடி வந்து அதன்மேல் விழுந்தது.

மூன்று நிமிஷம் ஆகியிருக்கவில்லை. அரை நிமிஷம்கூட இல்லை. அலெக்சாண்டர் சார் பதறிப்போய், “அறுந்துருச்சா?” என்றார்.

“இல்ல சார்.” கித்தேரியம்மாள் அந்தக் குப்பையைப் பார்த்தாள். அதில் ஒரு எழுத்தும் எழுத்தாக இல்லை. ஆனாலும் அது என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ரிசீவரைக் கிண்ணத்திலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள்.

“இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க, வீரம்மா.”